அண்ணி புடைத்த புல்

என் வீட்டுச் சமையலறையில், குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு மூங்கில் முறம் தொங்குகிறது. ஜூரோங்கில் எட்டாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் சமையலுக்கு முறம் தேவையே இல்லை. அரிசி கல் இல்லாமல், தூசி இல்லாமல் பொட்டலத்தில் வருகிறது. அந்த முறத்தின் பின்னலில், ஓரத்துப் பட்டைக்கு அருகே, ஓர் உலர்ந்த புல்லிழை சிக்கியிருக்கிறது. விரல் நீளம், இன்னும் பச்சை நிறம் முழுதும் போகவில்லை. சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அதை உருவி எடுத்துப் போடச் சொல்கிறாள். நான் மாட்டேன் என்கிறேன். இத்தனைக்கும் நான் வீட்டில் அதிகம் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை.

எனக்குப் பழைய சங்கதிகளைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. சிராங்கூன் சாலையில் எந்தக் கடை எந்த வருடம் எங்கிருந்து எங்கே மாறியது, தேக்காவின் பழைய சந்தையில் எந்த வரிசையில் மீன், எந்த வரிசையில் காய்கறி என்பதையெல்லாம் வயதானவர்களிடம் கேட்டு, நூலகத்தில் சரிபார்த்து எழுதி வைப்பேன். இதற்காக யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் சில பேர் கூடிப் படித்துக்காட்டுவோம். அங்கே நான் இந்தக் குறிப்பைப் பற்றிச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "கினிப்பன்றி தின்னுற புல்லெல்லாம் வரலாறா சார்?" என்றார். ஆமாம், வரலாறுதான். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் எல்லாரையும் எதிர்த்து நின்ற ஒரே இடம் அந்தப் புல்தான். அதை எழுதாமல் எந்தக் கடையின் பெயர்ப்பலகையைப் பற்றி எழுதி என்ன பயன்? வழக்கமாக நான் நாள், கிழமை, வருடம் எல்லாம் போட்டுத்தான் எழுதுவேன். இதில் போடவில்லை. அண்ணி எதையும் தமிழ் மாதத்தையும் அமாவாசையையும் வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். அவரைப் பற்றி எழுதும்போது அவர் கணக்கிலேயே போகிறேன்.

அண்ணி என்று நான் சொல்வது என் அண்ணனின் மனைவி. அண்ணன் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் பொங்கோலில் புது வீடு வாங்கிக் குடிபோனார்கள். அவர்களுக்கு ஒரே மகள். அவள் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளை வாங்கி வந்தாள். பெயரில்தான் பன்றி, பார்க்க வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்கும். இரண்டும் பெண். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்ப் பழுப்பு. கறுப்புக்குக் கோப்பி என்றும் பழுப்புக்குத் தே என்றும், காப்பிக்கும் தேநீருக்கும் மலாயில் சொல்லும் பெயர்களை வைத்தாள். அண்ணன் காலையில் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, "கோப்பி, தே, ரெண்டும் வந்தாச்சு. ரொட்டி எங்கம்மா?" என்று கேட்பார். அந்த வீட்டில் தினமும் நடந்த ஒரே நகைச்சுவை அது. தினமும் அண்ணி சிரித்தார். கொஞ்ச நாளில் மகள் மேற்படிப்புக்குப் பெர்த் போனாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. அடுத்த பங்குனியில், ஒரு காலை, அதே நாற்காலியில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அண்ணன்தான் காத்திருக்கவில்லை.

அமாவாசையன்று இறந்தவர்களை நினைத்துப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கத்தைக் காப்பவள் என் பெரியக்கா. எங்கள் எல்லாருக்கும் மூத்தவள். அம்மா போன பிறகு அம்மாவின் குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டவள். ஆனால் இந்த ஊரில் பசுவுக்கு எங்கே போவது? நான் சேகரித்த பழைய சங்கதிகளின்படி, தேக்காவைச் சுற்றி ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள்தான் இருந்தன. எருமையின் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. பெயர் இருக்கிறது, மாடு இல்லை. பொங்கல் சமயத்தில் மாடு கொண்டுவந்து கட்டுவார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். மாதா மாதம் கீரை கொடுக்க அது உதவாது. பெரியக்காவுக்கு முழங்கால் வலி வேறு; தூரத்துக் கோயிலுக்கெல்லாம் போக முடியாது. அண்ணன் போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு, தேக்கா சந்தையில் வாங்கிய அகத்திக்கீரைக் கட்டோடு அவள் பொங்கோல் வீட்டுக்கு வந்தாள். கூண்டைப் பார்த்தாள். வழி கிடைத்துவிட்டது.

"இதுவும் புல்லு தின்னுற வாயில்லா ஜீவன்தானே? பசு என்ன, இது என்ன? இதுக்கே குடு" என்றாள்.

அண்ணி கொடுத்தார். கோப்பியும் தேயும் ஆவலோடு தின்றன. பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, எந்தம்பி எப்படிச் சாப்பிடுறான்" என்றாள். அந்த நேரத்தில் அங்கே இருந்த எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. துக்கம் இருக்கும் வீட்டில் எதையாவது யாராவது ஆசையாகத் தின்றால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. அதன் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் கீரைக்கட்டு வந்தது. பெரியக்கா எதையும் சின்ன அளவில் செய்கிறவள் இல்லை. கட்டு தீர மூன்று நாலு நாள் ஆகும். தீரும்வரை அவை அதையே தின்றன.

மற்ற நாட்களில் அவற்றுக்குத் தீனி அல்ஃபால்ஃபா என்ற உலர்தழை. குட்டிகளாக இருந்தபோது செல்லப்பிராணிக் கடையில், "ரொம்பச் சத்து ஆன்ட்டி, பேபிக்கெல்லாம் இதுதான்" என்று சொல்லிக் கொடுத்தது. மகள் ஊருக்குப் போகும்போது அந்தப் பையைக் காட்டி, "மா, இதே பேக்தான் வாங்கணும், மாத்தாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி மாற்றவில்லை. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, மகள் சொன்னதிலும் இல்லை. குட்டிகள் வளர்ந்துவிட்டன என்பதைத்தான் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

தீபாவளி அந்த வருடம் எங்களுக்கு இல்லை. தீபாவளிக்கு அடுத்த வாரம் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். கூண்டில் விரித்திருந்த துணியில் ரத்தம். கோப்பி முதுகைக் குறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் மெல்லிய குரலில் கத்துகிறது. நான் வாடகை வண்டி பிடித்துப் போனேன். விலங்கு மருத்துவர் ஓர் இளம் பெண். படம் எடுத்துக் காட்டினார். சாம்பல் நிற உடம்புக்குள், மூத்திரப்பையில், மூக்குத்திக் கல் போல ஒரு வெள்ளைப் பொட்டு. சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகியிருக்கிறது என்றார். என்ன தீனி என்று கேட்டார். அண்ணி சொன்னார். அல்ஃபால்ஃபா குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும் நல்லது, வளர்ந்தவற்றுக்கு அந்தச் சுண்ணாம்பு அதிகம், அதைத் தினமும் போட்டால் சிலதுக்கு இப்படி ஆகும் என்றார் மருத்துவர். கீரையைப் பற்றியும் அண்ணியே கேட்டார். மாதம் ஒருமுறை கொடுப்பதால் மட்டும் கல் வராது. ஆனால் அதிலும் சுண்ணாம்பு நிறைய, இனி கோப்பிக்கு அதுவும் வேண்டாம் என்று பதில் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அல்ஃபால்ஃபாவுக்குத் தமிழில் குதிரைமசால் என்று பெயர். அது புல்லே இல்லை. அவரை, துவரை வகையைச் சேர்ந்தது. அகத்தியும் அதே குடும்பம். நாங்கள் ஒரு புல் தின்னும் பிராணிக்குத் தினமும் ஒரு வகைப் பருப்புச் செடியையும், அமாவாசைக்கு இன்னொரு வகைப் பருப்புச் செடியையும் போட்டிருக்கிறோம். புல் மட்டும் போடவில்லை.

அறுவை செய்து கல்லை எடுக்கலாம், ஆனால் இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. வலி இல்லாமல் தூங்க வைத்துவிடுவதும் ஒரு வழி என்று மருத்துவர் மெதுவாகச் சொன்னார். அதே நேரத்தில் பெரியக்கா அழைத்தாள். அண்ணி கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்து, மருத்துவர் சொன்னதைச் சொன்னார்.

"என்னம்மா, எலிக்கு ஆபரேஷனா? ஊர் சிரிக்கும். கடையில இன்னொண்ணு கறுப்பா வாங்கிக்க, முடிஞ்சுது."

அண்ணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

"உங்க தம்பி நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சப்ப, இன்னொண்ணு வாங்கிக்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையேக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருடத்தில் அண்ணி பெரியக்காவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ முடிவாகிவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. "ஆபரேட் லா, டாக்டர்" என்றார் அண்ணி.

கோப்பி பிழைத்தது. வயிற்றில் தையலோடு, ஒரு பக்கம் மயிர் மழித்து, கோபமான சின்னக் கிழவி மாதிரி வீட்டுக்கு வந்தது. இந்த வகைக்குக் கல் திரும்ப வரலாம் என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே வேலை, புல் தேர்வு. அதுவரை உலர்புல் எல்லாம் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். திமோத்தி என்று ஒரு புல். அதிலேயே முதல் அறுப்பு, இரண்டாம் அறுப்பு, மூன்றாம் அறுப்பு என்று மூன்று. முதல் அறுப்பில் தண்டு அதிகம், கதிரும் இருக்கும். பல்லுக்கு நல்லது, ஏனென்றால் கினிப்பன்றிக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அரைத்துத் தேய்த்தால்தான் உண்டு. மூன்றாம் அறுப்பு கூந்தல் மாதிரி மிருது; அதையே தின்றால் பல்லுக்கு வேலை இல்லை. இரண்டாம் அறுப்பு நடுவில், இலையும் தண்டும் கலந்து. ஆர்ச்சர்ட் புல் என்று இன்னொன்று, இலை தட்டையாக, இனிப்பான வாசனையோடு. ஓட்ஸ் புல் வேறு. அண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பையை வாங்கிக் கூண்டின் வெவ்வேறு மூலைகளில் போட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதல் அறுப்பைக் கோப்பி முகர்ந்துவிட்டு அதன்மேல் படுத்துத் தூங்கியது. தே ஆர்ச்சர்ட் புல்லை இழுத்து இழுத்துத் தின்றது. திமோத்தி இரண்டாம் அறுப்பை இரண்டும் தின்றன. "தம்பி, எழுதிக்குங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களே" என்றார் அண்ணி. நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

வகையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஒரே பெயர் போட்ட பையில் ஒரு மாதம் பச்சையாக, தேயிலைப் பெட்டியைத் திறந்தது போன்ற வாசனையோடு வரும். அடுத்த மாதம் பழுப்பாக, பாதி தூளாக வரும். தூசி மூக்கில் போனால் அவற்றுக்குத் தும்மல், நுரையீரல் கெடும். நம் ஊர் ஈரக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் பூசணம் பிடிக்கும். இறுகக் கட்டி வைத்தாலும் உள்ளுக்குள் வியர்த்துப் பிடிக்கும். தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போனார். சிராங்கூன் சாலையில் பானையும் கரும்பும் குவிந்து கிடந்த ஒரு கடையில் முறம் கேட்டார். கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், வாய் ஓயாதவர்.

"எவ்ளோ அரிசி புடைப்பீங்கக்கா? பெரிசு வேணுமா, சிறுசு போதுமா?"

"அரிசி இல்லப்பா. புல்லு."

"புல்லா? மாடு வச்சிருக்கீங்களா? எந்த ஏரியா?"

"பொங்கோல். பதினாலாவது மாடி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "லிஃப்ட்ல ஏறுமாக்கா?" என்றார்.

"பழக்கிட்டேன். பட்டன் மட்டும் நான் அமுக்கணும்" என்றார் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு அவர் சொல்லி நான் கேட்ட முதல் வேடிக்கைப் பேச்சு அது. பெரிய முறமாகவே வாங்கினார்.

அங்கிருந்து தேக்கா சந்தை மாடியில் இருந்த தையற்காரரிடம் போனோம். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தார். அண்ணனுடையது, கல்யாணத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன, பச்சைக் கரை போட்ட பருத்தி வேட்டி. அதை வெட்டிக் கழுத்தில் நாடா போட்ட பெரிய பையாகத் தைக்கச் சொன்னார். தையற்காரர் துணியின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேட்டிங்கம்மா" என்று தயங்கினார். "தெரியும். அதான் தைக்கச் சொல்றேன். காத்து போகணும், தூசி போகக் கூடாது" என்றார் அண்ணி. புல் கெடாமல் இருந்தது அந்தப் பையில்தான். தினமும் காலையில் ஒரு கை அள்ளி முறத்தில் போட்டுச் சன்னல் பக்கம் நின்று புடைப்பார். தூசி ஓரமாக ஒதுங்கும். பழுத்ததும் கறுத்ததும் தனியே வரும். நல்ல புல் நடுவில் நிற்கும். வெயில் அந்தத் தூசியில் விழும்போது அவரைச் சுற்றிப் பொன் நிறமாக இருக்கும். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கண் புல்லில் இருந்தது.

பங்குனியில் அண்ணனின் முதல் வருடத் திவசம் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பொங்கோல் வீட்டில் கூடினோம். ஐயர் வந்து சடங்கை முடித்துப் போன பிறகு, பெரியக்கா தன் பையிலிருந்து அகத்திக்கீரைக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அறுவைக்குப் பிறகு வந்த அமாவாசைகளில் அண்ணி ஏதேதோ சொல்லி அவளை வரவிடாமல் தள்ளியிருந்தார். இன்று தள்ள வழியில்லை. கூடத்தில் இருபது பேர் இருந்தோம்.

"கூண்டத் திற. நேரமாகுது" என்றாள் பெரியக்கா.

"வேணாங்கக்கா. கோப்பிக்கு ஆகாது."

"டாக்டரே சொன்னாங்கல்ல, மாசத்துல ஒரு நாள் குடுத்தா கல்லு வராதுன்னு? எனக்கும் தெரியும். நானும் கேட்டுட்டேன்."

"அவளுக்கு இனிமே வேணாம்னும் சொன்னாங்க."

பெரியக்கா எழுந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. பச்சைக் கரை. கிட்டே போய்க் கையில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்து புல் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என் தம்பி வேட்டி. எந்தம்பி வேட்டியில வைக்கோலு கட்டி வச்சிருக்கியா நீ?" குரல் உடைந்துவிட்டது. கூடத்தில் யாரோ "அடப் பாவமே" என்றார்கள். "வேட்டியையும் கிழிச்சாச்சு. இப்ப அவனுக்கு ஒரு வாய் கீரையும் இல்ல. அவன் பசியோட நிக்கணுமா?"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாத நேரத்தில் எங்கள் குடும்பத்தில் யாராவது காப்பி கொண்டுவருவார்கள். அன்று காப்பியும் வரவில்லை. அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. கீரைக்கட்டைக் கையில் எடுத்தார்.

"அக்கா, உங்க தம்பிக்கு அகத்திக்கீரைன்னா ஆகாது. கசக்குதுன்னு தட்டுல ஓரமா ஒதுக்கி வைப்பாரு. நீங்க வருவீங்கன்னா மட்டும் உங்களுக்காக ரெண்டு வாய் திம்பாரு. முப்பது வருசமா அந்தத் தட்டக் கழுவினவ நான். உயிரோட இருக்கறப்ப ஒதுக்கினத, செத்த பிறகு எப்படிக்கா ஆசையா திம்பாரு?"

பெரியக்கா வாயைத் திறந்தாள். அண்ணி விடவில்லை.

"யாருக்கு எது ஒத்துக்கும்னு பாத்துப் பாத்துப் போட்டவ நான். உங்க தம்பிக்குச் சக்கரை, எம்பொண்ணுக்கு எறா ஆகாது, உங்களுக்கு மொளகா ஆகாது. எல்லாத்துக்கும் தனித்தனியா ஆக்கினேன். தெரியாம இதுங்களுக்கு மட்டும் தப்பாப் போட்டேன். அதுக்கு இவ வயித்தக் கிழிச்சாங்க. இனிமே இந்த வீட்டுல யார் வாயில எது போகணும்னு நான்தான் சொல்வேன். வேட்டி சும்மா மடிச்சு வச்சிருந்தா பூச்சி அரிக்கும். இப்ப அது தெனமும் ஒரு உசுருக்குச் சோறு போடுது. அவரு இருந்தா, கரை தெரியற மாதிரி தைக்கச் சொல்லிருப்பாரு."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்தார். வேட்டிப் பையிலிருந்து ஒரு கை புல்லை அள்ளிப் போட்டு, அத்தனை பேருக்கும் முன்னால், சன்னலோரம் நின்று புடைத்தார். அண்ணனின் படத்துக்கு முன்னால் ஒரு பிடி வைத்தார். பிறகு அதை எடுத்துக் கூண்டுக்குள் போட்டார். கோப்பி வந்தது. தையல் போட்ட பக்கத்தில் மயிர் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. தின்ன ஆரம்பித்தது. பெரியக்கா கீரைக்கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இலையில் உட்காராமலே போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அண்ணி சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "கோவிச்சுக்கட்டும் தம்பி. கோவம் ஆறும். கல்லு கரையாது."

கோபம் ஆறவில்லை. பெரியக்கா அதன் பிறகு பொங்கோல் வீட்டுப் படி ஏறவே இல்லை. கல்யாணங்களில் பார்த்தால் இருவரும் நலம் விசாரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் அண்ணியை 'எலிக்காரம்மா' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது அவர் காதுக்கும் போனது. ஒரு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பும்போது பெட்டியின்மேல் 'எலிக்காரம்மா வீட்டிலிருந்து' என்று தன் கைப்பட எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மகள் பெர்த்தில் வீடு வாங்கியதும் அம்மாவை நிரந்தரமாக வந்துவிடச் சொன்னாள். அந்த நாட்டுக்குள் கினிப்பன்றியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது காணொளியில் பேச்சு வந்தது.

"மா, ப்ளீஸ் லா. சித்தப்பா பாத்துக்குவாங்க. ரெண்டு கினிபிக்குக்காகச் சொந்தப் பொண்ண விட்டுட்டு இருப்பியா?"

"நீதான்டி இதுங்கள எங்கிட்ட விட்டுட்டுப் போன" என்றார் அண்ணி. "உங்கப்பா நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனாரு. நான் அந்த மாதிரி இல்ல. நான் யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. இதுங்க காலம் முடியட்டும், அப்புறம் வரேன்."

மகள் அழுதாள். அண்ணியும் அழுதார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. மூன்று வாரம் போய் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த மூன்று வாரமும் நான்தான் தினமும் பொங்கோலுக்குப் போய்ப் புடைத்தேன். கோப்பி அதன் பிறகும் நன்றாக வாழ்ந்தது. கல் திரும்ப வரவே இல்லை. வயதாகி, ஒரு மார்கழிக் காலையில், வாயில் பாதிப் புல்லோடு போய்ச் சேர்ந்தது. தே இருந்தது. அதன் காலம் முடிவதற்கு முன்னால் அண்ணியின் காலம் முடிந்துவிட்டது. போன கார்த்திகையில் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம்; ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. சேர்க்கும்போது என்னிடம் சொன்னது, "தம்பி, பையில புது புல்லு இருக்கு. பழசு தீந்த பிறகு எடுங்க, ரெண்டையும் கலக்காதீங்க" என்பதுதான். அவர் பெர்த்துக்குக் குடிபோகவே இல்லை. பாவம் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தான் சொன்னபடியே இருந்து முடித்தவரைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தே, வேட்டிப் பை, முறம் மூன்றும் ஜூரோங்குக்கு வந்தன.

நேற்று ஆடி அமாவாசை. அண்ணி போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை. காலையில் வாசல் மணி அடித்தது. பெரியக்கா. எண்பதைத் தாண்டிவிட்டாள், கைத்தடியோடு வாடகை வண்டியில் தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அகத்திக்கீரையாகத்தான் இருக்கும், இந்த வயதில் அவளிடம் மறுத்துப் பேச வேண்டுமே என்று நினைத்தேன். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது கீரை இல்லை. ஒரு பொட்டலம் உலர்புல்.

"இந்தா. அவ சொன்ன மாதிரியே வாங்கிட்டு வந்துட்டேன். கீரைய இனிமே எடுக்க மாட்டேன்" என்றாள். "கடைப் பையங்கிட்ட, நல்லதா, சத்தா குடுன்னு கேட்டு வாங்கினேன். அவளுக்காக ஒரு வாய் போடு."

அவள் தோற்று வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் என் வாழ்நாளில் பார்த்திராத காட்சி. பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். மேலே பெரிய எழுத்தில் அல்ஃபால்ஃபா என்று போட்டிருந்தது.

ஒரு பிடிதானே என்று தோன்றத்தான் செய்தது. தேவுக்கு வயதாகிவிட்டது, அதற்குக் கல் வந்ததும் இல்லை. ஒரு பிடியில் என்ன ஆகிவிடும்? எதிரில் ஒரு கிழவி, இத்தனை வருடப் பிடிவாதத்தை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு கடை ஏறி வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் இந்த நியாயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். மாசத்தில் ஒரு நாள்தானே என்று திவசத்தன்று கூடத்தில் கேட்ட அதே நியாயம்தான் இது. நல்ல மனதோடு வரும்போதுதான் அதை மறுப்பது கஷ்டம். அண்ணி அதைத்தான் மறுத்தார்.

"அக்கா, இது வேணாம்."

"என்னடா?"

"இது குட்டிங்களுக்கு. தேவுக்கு வயசாயிடுச்சு. இதத் தின்னுதான் கோப்பிக்குக் கல்லு வந்துச்சு."

பெரியக்காவின் முகம் சிவந்தது. கைத்தடி தரையில் தட்டியது. "கீரை கொண்டாந்தாலும் ஆகாது. புல்லு கொண்டாந்தாலும் ஆகாது. செத்தும் என்னத் திருப்பி அனுப்புறா பாரு உங்க அண்ணி!"

"ஆமாக்கா. திருப்பித்தான் அனுப்புறாங்க."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது, அது எதற்கான கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. "சரியான அழுத்தக்காரிடா அவ" என்றாள். கைப்பையைத் திறந்து கடைச் சீட்டை எடுத்தாள். "மாத்திக் குடுப்பானா?"

"குடுப்பான்."

"அப்ப முதல்ல அவளுக்குப் போட வேண்டியதப் போடு. அப்புறம் எழுந்திரு, கடைக்குப் போவோம்."

முறத்தைச் சுவரிலிருந்து எடுத்து, வேட்டிப் பையிலிருந்து திமோத்தியை அள்ளிப் போட்டுப் புடைக்க ஆரம்பித்தேன். ரெண்டு தடவை தட்டியதும், "குடுடா இங்க, நீ என்ன தோசையா சுடுற" என்று வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே, அந்த வயதிலும் மணிக்கட்டு தானாகச் சுழல, அழகாகப் புடைத்தாள். பச்சைக் கரை அவள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. நாடாவை இழுத்துப் பையை மூடி வைத்தாள். ஒரு பிடியை அண்ணியின் படத்துக்கு முன் காட்டிவிட்டுக் கூண்டுக்குள் போட்டாள். தே வந்து முகர்ந்தது, தின்றது.

மத்தியானம் கடையில் அந்த இளைஞரிடம் பொட்டலத்தைத் தள்ளி, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "தா போலே லா, தா போலே!" என்று அவள் சத்தம் போட்டாள். ஆகாது, கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வயதைக் கேட்காமல் யாருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று என்னை ஆங்கிலத்தில் சொல்லவைத்தாள். அவர் பயந்துபோய் உடனே மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் அறுப்பு. பையின் கண்ணாடித்தாள் சன்னல் வழியாக நிறத்தைப் பார்த்து, பழுப்பு அதிகம் என்று முதல் பையைத் திருப்பி, வேறு பை கேட்டதும் பெரியக்காதான்.

முறம் மறுபடி சுவருக்குப் போய்விட்டது. இன்று காலை என் மனைவி துடைக்கும்போது, பின்னலில் இப்போது இரண்டு இழை சிக்கியிருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன். பழைய இழைக்குப் பக்கத்தில் ஒன்று புதிதாக, இன்னும் பச்சையாக. எடுத்துப் போடச் சொன்னாள். மாட்டேன் என்றேன்.